கணக்குக் கேட்பதும் தர்மம்

காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் சந்நிதிக்கு நடந்தே செல்லக்கூடிய தொலைவில் வசிக்கும் ஓர் அம்மையார், கணவரின் முதலாண்டுத் திதி நெருங்கிய வேளையில் அவருடைய இரும்புப் பெட்டியைத் திறந்தார். கணவர் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டு வரி ரசீது முதல் மருந்துக்கடைச் சீட்டு வரை அனைத்தையும் ஆண்டுவாரியாகக் கோத்து வைக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. அந்தக் கோப்புகளுக்கு இடையே தனியாக ஒரு கட்டு இருந்தது. ஆதரவற்றோர் இல்லம் ஒன்றின் பெயரில் மாதம் 500 ரூபாய்க்கான ரசீதுகள். எண்ணிப் பார்த்தால் 11 ஆண்டுகள். மொத்தம் 66,000 ரூபாய். மனைவியிடம்கூட அவர் இதைச் சொன்னதில்லை.

அம்மையாருக்குக் கண்கள் கலங்கின. அவர் விட்டுச் சென்ற தர்மத்தை அவர் பெயராலேயே தொடர வேண்டும் என்று அப்போதே உறுதி செய்துகொண்டார். சேமிப்பிலிருந்து ஒரு லட்ச ரூபாயை ஒதுக்கினார். பெங்களூரிலிருந்து வந்திருந்த மகனை அழைத்துக்கொண்டு, ரசீதில் அச்சிட்டிருந்த முகவரியைத் தேடிச் சென்றார். அங்கே ஒரு வாடகை வீடு இருந்தது. அதில் குடியிருந்தவர்கள் நான்கு ஆண்டுகளாக அங்கே வசிப்பதாகச் சொன்னார்கள். எதிரிலிருந்த மளிகைக்கடைக்காரருக்கு மட்டும் பழைய பெயர்ப்பலகை ஒன்று நினைவில் இருந்தது. “பலகைதான் இருந்தது அம்மா. பிள்ளைகளையோ பெரியவர்களையோ நான் பார்த்ததில்லை. மாதம் ஒருமுறை ஒருவர் வந்து தபால்களை எடுத்துப் போவார்” என்றார் அவர்.

திரும்பி வரும் வழியெல்லாம் அம்மையார் பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு மகனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அப்பா செய்த புண்ணியம் எல்லாம் வீண்தானா?”

பக்தியுள்ள குடும்பங்கள் பலவற்றில் உரக்கக் கேட்கப்படாமலே கிடக்கும் கேள்வி இது. சங்கத்துக் கணக்கில் ஒரு ரூபாய் இடறினாலும் இரவு விளக்கேற்றி உட்கார்ந்து சரிபார்த்த மனிதர், தர்மத்துக்குக் கொடுத்த பணத்துக்கு 11 ஆண்டுகளில் ஒரு முறைகூடக் கணக்குக் கேட்கவில்லை. கேட்பது அழகல்ல என்று எண்ணியிருப்பார். கொடுத்ததைப் பற்றிப் பிறகு பேசுவது கொடையின் பெருமையைக் குறைக்கும் என்னும் எண்ணம் நம்மிடையே ஆழமாக ஊன்றியிருக்கிறது. ஏமாற்றுவோருக்கு அந்தக் கூச்சம்தான் மூலதனம்.

ஆனால் நம்முடைய மரபு அப்படிச் சொல்லவில்லை. பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்பது பாட்டிமார் வாயிலிருந்து வந்த பழமொழி. கீதையின் 17-ஆம் அத்தியாயம் தானத்தை மூன்று வகையாகப் பிரிக்கிறது. உரிய இடத்தில், உரிய காலத்தில், உரியவருக்கு, கைம்மாறு கருதாமல் தருவதையே சாத்துவிக தானம் என்று வகுக்கிறது. கைம்மாறு கருதாமை எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் உரியவரைக் கண்டறிவதும். அம்மையாரின் கணவர் மனத்தளவில் செய்த தர்மம் குறைபட்டதாகாது. பசித்த ஒருவருடைய இலைக்குப் போக வேண்டிய சோறு அவரைச் சென்றடையவில்லை என்பதும் உண்மை. முதலாவதை எண்ணி ஆறுதல் கொள்ளலாம். இரண்டாவது இனி நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காஞ்சிபுரத்துக்காரர்கள் இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. அருகிலுள்ள உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறையைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படிக்காதவர் இருக்க முடியாது. பொ.ஆ. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அந்த விதிகளில் வயது, நிலம், வீடு, வேதப் பயிற்சி ஆகிய தகுதிகளை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். தகுதியின்மைப் பட்டியலின் தொடக்கத்தை மட்டும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஏதேனும் ஒரு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மீண்டும் வாரியத்துக்கு வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது. மாமன், மைத்துனன், மாமனார் என்று உறவு முறைகளைக் கல்வெட்டு அடுக்கிக்கொண்டே போகிறது. கணக்குக் காட்டாமை அக்காலத்தில் ஒரு குடும்பத்துக்கே இழுக்காகக் கருதப்பட்டது. அதைப் பெருமாள் கோயில் சுவரிலேயே எழுதி வைத்தார்கள். கணக்குக் கேட்பது தெய்வ காரியத்துக்குப் பொருந்தாது என்று அவர்கள் நினைத்ததாகத் தெரியவில்லை.

மாட்டுப் பொங்கலன்று வரதர் பார்வேட்டைக்காகப் பழைய சீவரம் எழுந்தருளி, பாலாற்றைக் கடந்து திருமுக்கூடல் செல்வார். அந்த உற்சவத்துக்கு ஆண்டுதோறும் போகும் குடும்பங்கள் பல. அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று 15 படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவச்சாலையைப் பற்றிக் கூறுகிறது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டு வருவோர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள், நாவிதர் என்று ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நெல் என்பது வரையறுக்கப்பட்டிருக்கிறது. சாலையில் இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் உள்ளன. மருத்துவச்சாலைக்குக் கொடுத்தோம் என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். அப்படி முடிக்கவில்லை. படுக்கை எத்தனை, கூலி எவ்வளவு, மருந்து எது என்பது வரை சொல்லிக் கொடுத்தார்கள். இன்று ஓர் இல்லத்துக்கு நன்கொடை அளிக்க விரும்புகிறவர் கேட்க வேண்டிய கேள்விகளும் ஏறத்தாழ இவையே.

அம்மையார் அந்தக் கேள்விகளோடு மூன்று இடங்களுக்குச் சென்றார். அவசரப்படவில்லை. திதிக்குள் பணத்தைக் கொடுத்தாக வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டார். திதியன்று கோயில் அன்னதானத்துக்கு ஒரு நாள் செலவைக் கோயில் அலுவலகத்திலேயே செலுத்தி, முறையான ரசீது பெற்றுக்கொண்டார். (திருப்பணிக்கும் கும்பாபிஷேகத்துக்கும் வீடு தேடி வரும் ரசீதுப் புத்தகங்களைவிட, கோயில் அலுவலகத்தில் நேரில் செலுத்துவதே எப்போதும் நன்று.) மீதித் தொகை வங்கியிலேயே இருந்தது. தர்மப் பணம் சில மாதங்கள் காத்திருப்பதில் தோஷம் எதுவும் இல்லை.

முதலில் போனது ஒரு குழந்தைகள் இல்லம். அறிமுகமே இல்லாத அம்மையாரைக் கண்டதும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி வணக்கம் சொல்ல வைத்தார்கள். ஒரு சிறுமி பிரார்த்தனைப் பாடல் பாடினாள். பின்னர் பிள்ளைகளோடு நின்று படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அம்மையாருக்கு ஏனோ மனம் ஒப்பவில்லை. அவர் ஒப்பாதது சரியே. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளின் அடையாளம் ஊடகங்களில் வெளிப்படுவதை 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தடை செய்கிறது. அந்தச் சட்டப்படி ஒவ்வொரு குழந்தைகள் இல்லமும் பதிவு செய்யப்பட்டிருக்கவும் வேண்டும். பதிவுச் சான்றைப் பார்க்கலாமா என்று மகன் கேட்டபோது, புதுப்பிப்பதற்கு அனுப்பியிருப்பதாகப் பதில் வந்தது. அது உண்மையாகவும் இருக்கலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரித்தால் தெரிந்துவிடும். ஆனால் பிறந்தநாள் கொண்டாட வருகிறவர்களுக்காகப் பிள்ளைகள் நாள்தோறும் பாடிக்கொண்டிருக்கும் இடத்துக்குக் கணவரின் பெயரால் கொடுக்க அவருக்குக் கை வரவில்லை.

இரண்டாவது, பெரிய அறக்கட்டளை. வழவழப்பான தாளில் ஆண்டறிக்கை, தணிக்கை செய்த கணக்கு, வரிவிலக்குச் சான்று எல்லாம் ஒழுங்காக இருந்தன. குறை சொல்ல ஒன்றுமில்லை. கணக்கைப் புரட்டிய மகன், வங்கியில் பல கோடி ரூபாய் நிரந்தர வைப்பாக இருப்பதைக் கண்டான். அதுவும் தவறல்ல. நெடுங்காலம் நடக்க வேண்டிய நிறுவனத்துக்கு மூலநிதி தேவை. ஆயினும், ஒரு லட்சம் எங்கே கொடுத்தால் மிகுதியாகப் பயன்படும் என்று பார்க்கும்போது, கடலில் பெய்யும் மழைக்கும் வயலில் பெய்யும் மழைக்கும் வேறுபாடு இருக்கிறது.

மூன்றாவது இடம் வாலாஜாபாத் சாலையில், உள்ளடங்கிய ஒரு சிற்றூரில் இருந்த முதியோர் இல்லம். 22 பெரியவர்கள். நடத்துபவர் ஓய்வு பெற்ற செவிலியர். முன்னறிவிப்பின்றிச் சென்றதால் அவர் அப்போது ஒரு பாட்டிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். “ஐந்து நிமிடம் உட்காருங்கள் அம்மா, சிக்கு எடுத்துவிட்டு வருகிறேன்” என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைத் தொடர்ந்தார். அந்த ஐந்து நிமிடத்தில் பார்க்க வேண்டியவற்றை அம்மையார் பார்த்துக்கொண்டார். கழிப்பறைச் சுவரில் கைப்பிடி இருக்கிறதா, தண்ணீர்க்குடம் படுத்திருப்பவரின் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறதா, அடுப்படியில் அடுத்த வேளைக்கு என்ன இருக்கிறது, பெரியவர்கள் நடத்துபவரைப் பார்க்கும்போது முகம் எப்படி இருக்கிறது என்பவற்றை எந்த ஆண்டறிக்கையும் சொல்லாது. அறிவித்துவிட்டுப் போனாலும் தெரியாது. அருகிலுள்ள சிறிய தர்மத்தைத் தேர்ந்தெடுப்பதன் பெரும்பயன் இதுவே. எந்த நாளும் போய்ப் பார்க்கலாம்.

திண்ணைச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கியது. அன்னதானம் செய்வோரின் பெயர்கள் அதில் எழுதப்பட்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளும் அமாவாசைகளும் நிரம்பி வழிந்தன. புரட்டாசி மாதத்தில் இடமே இல்லை. செவ்வாய், புதன்கிழமைகள் பல வெறுமையாகக் கிடந்தன. நடத்துபவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். “மகாளய அமாவாசையன்று நான்கு குடும்பங்கள் வடை பாயசத்தோடு வந்துவிடுகிறார்கள் அம்மா. வேண்டாம் என்று சொல்ல மனமில்லை. பெரியவர்களில் பாதிப்பேருக்குச் சர்க்கரை. மறுநாள் எனக்குப் பயமாக இருக்கும். ஆனால் இரவில் புரட்டிப் படுக்க வைக்க ஓர் ஆள் வைத்துக்கொள்ள யாரும் பணம் தருவதில்லை. சம்பளத்துக்கா கேட்கிறீர்கள் என்கிறார்கள்.”

இந்த இடத்தில் கொடையாளர்களிடையே பரவலாக உள்ள ஒரு தவறான எண்ணத்தைக் குறிப்பிட வேண்டும். நன்கொடையில் ஒரு காசும் சம்பளத்துக்குப் போகக்கூடாது என்பது பலரது நிபந்தனை. அப்படிப் போவதில்லை என்று விளம்பரம் செய்யும் அமைப்புகளும் இருக்கின்றன. படுக்கையிலிருக்கும் முதியவருக்கு உடை மாற்றுவதும், புண் வராமல் புரட்டுவதும், மருந்தை நேரத்துக்குக் கொடுப்பதும் மனிதக் கைகள் செய்யும் வேலை. முதியோர் இல்லத்தில் ஆயாவின் சம்பளம் நிர்வாகச் செலவு அன்று, அதுதான் சேவை. 22 முதியவர்கள் உள்ள இல்லத்தின் கணக்கில் சம்பளம் என்னும் தலைப்பே இல்லையென்றால், அதைப் பாராட்டுவதற்கு முன்பு, இரவில் அவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்க வேண்டும். மாறாக, நிர்வாகிகளுடைய வாகனத்துக்கும் விழாவுக்கும் விளம்பரத்துக்கும் போன தொகை மருந்துக்குப் போனதைவிட மிகுதியாக இருந்தால், அங்கும் கேட்க வேண்டும்.

கணக்கு என்றதும் பலருக்கு மலைப்பு வருகிறது. சிறு அறக்கட்டளையின் ஆண்டுக் கணக்கு இரண்டு மூன்று பக்கங்களுக்கு மேல் போகாது. வரவு எங்கிருந்து வந்தது, எந்தத் தலைப்பில் எவ்வளவு செலவானது, ஆண்டு இறுதியில் கையிலும் வங்கியிலும் என்ன இருந்தது என்பவை போதும். கீழே பட்டயக் கணக்காளரின் கையொப்பமும் உறுப்பினர் எண்ணும் இருக்கும். 2019 முதல் அத்துடன் யு.டி.ஐ.என். என்னும் 18 இலக்க எண்ணும் குறிக்கப்படுகிறது. பட்டயக் கணக்காளர் கழகத்தின் இணையதளத்தில் அந்த எண்ணை இட்டு எவரும் சரிபார்க்கலாம். இரண்டு ஆண்டுகளின் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது மேலும் நல்லது. ஓர் ஆண்டின் கணக்கு புகைப்படம் போன்றது. இரண்டாம் ஆண்டும் சேர்ந்தால்தான் நடை தெரியும்.

பணம் செலுத்தும் வழியிலும் கவனம் தேவை. வங்கிக் கணக்கு அறக்கட்டளையின் பெயரிலேயே இருக்க வேண்டும். கைப்பேசியில் செலுத்தும்போது தனிமனிதர் பெயர் தோன்றினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ‘தலைவர் கணக்கு என்றாலும் எல்லாம் ஒன்றுதான்’ என்பது வங்கி மொழியிலும் தர்ம மொழியிலும் செல்லாத வாதம். முதியோர் இல்லமானால் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் ஒரு வார்த்தை விசாரிக்கலாம்.

வரிச்சலுகை பற்றிச் சுருக்கமாக. 80ஜி ஒப்புதல் பெற்ற அமைப்புக்குத் தரும் நன்கொடையில் பெரும்பாலும் பாதித் தொகைக்கே கழிவு உண்டு. அதற்கும் உச்ச வரம்பு உண்டு. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு இல்லை. அரிசி, துணி போன்ற பொருள்களாகக் கொடுத்தாலும் இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தச் சலுகையே கிடையாது. கோயில்களைப் பொறுத்தவரை, மத்திய அரசு இதற்கென அறிவித்துள்ள கோயில்களின் திருப்பணிக்கே கழிவு பொருந்தும். ஒரு செய்தி மட்டும் சலுகை வேண்டாதவர்களுக்கும் பயன்படும். இந்த ஒப்புதலை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். அது நடப்பில் இருக்கிறதா என்பதை வருமான வரித் துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். ஒப்புதல் இருப்பது மட்டுமே நேர்மைக்குச் சான்றாகாது. ஒப்புதல் பெறாத சிறிய நல்ல இல்லங்களும் உண்டு. ஆனால் இல்லாத ஒப்புதலை ரசீதில் அச்சிட்டிருப்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்கக்கூடாது. அந்த 11 ஆண்டு ரசீதுகளில் அச்சிட்டிருந்த எண்ணை மகன் தேடிப் பார்த்தான். அப்படி ஒரு பதிவே கிடைக்கவில்லை.

வாலாஜாபாத் சாலை இல்லத்தில் கணக்குக் கேட்டபோது நடத்துபவர் முகம் சுளிக்கவில்லை. அலமாரியிலிருந்து கோப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு, “நீங்கள் பார்த்துக்கொண்டிருங்கள், நான் சாப்பாடு போட்டுவிட்டு வருகிறேன்” என்று உள்ளே போனார். கணக்கில் பிழை இல்லாமல் இல்லை. எரிவாயுச் செலவில் ஒரு பகுதியை மளிகையில் எழுதியிருந்தார்கள். மகன் சுட்டிக்காட்டியதும், “அப்படியா தம்பி? எங்கள் ஆடிட்டரிடம் சொல்கிறேன்” என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்புத்தாள்தான் அம்மையாரின் மனத்தை முடிவு செய்தது.

வடலூரில் வள்ளலார் 1867-இல் தர்மச்சாலையைத் தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அந்தச் சாலைக்கு நிலம் கொடுத்தவர்கள் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். அடுப்பு ஒரு நாள் எரிவதற்கு ஒரு பெருஞ்செல்வர் போதும். நாள்தோறும் எரிய வேண்டுமானால் விறகு நாள்தோறும் வர வேண்டும். அம்மையாரும் ஒரு லட்சத்தை ஒரே தவணையில் கொடுக்கவில்லை. இரவு உதவியாளரின் சம்பளத்தில் ஒரு பங்காக மாதந்தோறும் 4,000 ரூபாய் வங்கி வழியே போகுமாறு ஏற்பாடு செய்தார். ஏறத்தாழ ஈராண்டுகளுக்கு வரும். அதற்குள் இடத்தை நன்றாகத் தெரிந்துகொள்ளலாம். பிறகு தொடர்வதா என்பதை முடிவு செய்யலாம். கணவரின் பெயரைப் பலகையில் எழுதலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றுவிட்டார். ஆண்டுக்கு ஒரு முறை கணக்கு மட்டும் தபாலில் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

அடுத்த ஆண்டு கணக்கு வந்தது. அம்மையார் மூக்குக்கண்ணாடியை அணிந்து, கணவரின் பழைய மரப்பெட்டிமேல் தாளை விரித்து, முந்தைய ஆண்டுக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தார். எரிவாயு இம்முறை தனித் தலைப்பில் இருந்தது. சம்பளம் கூடியிருந்தது. பால் செலவு மட்டும் குறைந்திருந்தது. விலை ஏறியிருக்கும் காலத்தில் பால் செலவு ஏன் குறைய வேண்டும்? தொலைபேசியில் அழைத்துக் கேட்டார்.

நடத்துபவர் சற்று நேரம் பேசவில்லை. “மார்கழியில் மூன்று பேர் தவறிவிட்டார்கள் அம்மா. நீங்கள் முதன்முதல் வந்த அன்று நான் தலை வாரிக்கொண்டிருந்தேனே, அந்தப் பாட்டியும் ஒருவர். புதிதாக ஆள் வருவதற்குச் சில மாதம் ஆயிற்று. அதனால்தான் பால் குறைந்தது.”

அம்மையார் மூவரின் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டார். பாட்டியின் நட்சத்திரம் மட்டும் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. பால் செலவு என்ற வரிக்கு எதிரே, தாளின் ஓரத்தில், மூன்று பெயர்களையும் பென்சிலால் எழுதி, கணவரின் கோப்பில் சேர்த்து வைத்தார்.